அணைக்கட்டில் ஒரு திறப்பு: இந்தியப் பாசன அணைகளும் மீன்வழியும் (1836 – 2018)

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்று, அங்கிருந்து இந்தியாவின் பிற பகுதிகளுக்குப் பரவிய சொற்களுள் 'அணைக்கட்டு' குறிப்பிடத்தக்கது. காவிரிச் சமவெளியில் ஆங்கிலேயப் பொறியாளர்தம் செவியில் விழுந்த இச்சொல் 'அனிகட்' எனத் திரிந்து, கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் சென்றது. பீகாரில் சோன் ஆற்றின் குறுக்கே தேஹ்ரியில் எழுந்த நெடிய அணையும் அப்பெயரையே பெற்றது. இராசஸ்தானத்தின் வறண்ட ஓடைகளில் கட்டப்படும் சிறு தடுப்பணைகள் இன்றும் 'அனிகட்' என்றே வழங்கப்படுகின்றன. சொல்லின் இப்பயணம் ஒரு கட்டுமான முறையின் பயணமும் ஆகும். ஆற்று மணலின் மீது, பாறை அடித்தளம் இன்றி, ஆற்றின் முழு அகலத்திற்கும் தாழ்வான சுவர் எழுப்பி நீரைக் கால்வாய்க்குத் திருப்பும் அம்முறை, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தியப் பாசனத்தின் முகத்தையே மாற்றியது.

அச்சுவர் எழுந்தபோது இரண்டு வினாக்கள் உடன் எழுந்தன. கடலுக்கும் ஆற்றின் மேற்பகுதிக்கும் இடையே ஆண்டுதோறும் வந்து போகும் மீன்கள் இனி எவ்வாறு செல்லும் என்பது ஒன்று. அணைக்குக் கீழே ஆற்றிற்கென்று விடப்பட வேண்டிய நீர் எவ்வளவு என்பது மற்றொன்று. உண்மையில் இவை ஒரே வினாவின் இரு பகுதிகள். ஆயினும் முதல் வினாவை மீனியலாரும், இரண்டாவதை வழிபாட்டுரிமை கோரியோரும் தனித்தனியே எழுப்பினர். அரசும் தனித்தனியே விடையளித்தது. முதல் வினா தோற்றதற்கும் இரண்டாவது ஓரளவு வென்றதற்கும் உரிய காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

கலையும் அணை

நிலையான அணைகளுக்கு முன்னும் இந்திய ஆறுகளிலிருந்து நீர் திருப்பப்பட்டே வந்தது. இமயமலைச் சாரலில் காங்க்ராப் பள்ளத்தாக்கின் 'கூல்' எனப்படும் வாய்க்கால்கள் இதற்கு நல்ல சான்று. ஓடையின் குறுக்கே உருண்டைப் பாறைகளை அடுக்கி, இடையிடையே தழையும் புல்லும் செருகி, உழவர் நீரை வாய்க்காலுக்குள் செலுத்தினர். மழைக்காலப் பெருக்கு அவ்வணையை அடித்துச் செல்லும். வெள்ளம் வடிந்தபின் 'கோஹ்லி' என்னும் நீர்காவலரின் தலைமையில் ஊரார் கூடி மீண்டும் கட்டுவர். யார் எத்தனை நாள் உழைப்புத் தரவேண்டும், எந்த வாய்க்கால் எப்போது நீர் பெறும் என்பன போன்ற வழக்காறுகள் 'ரிவாஜ்-ஏ-ஆப்பாஷி' என்னும் பதிவேடுகளில் எழுதிவைக்கப்பட்டுள்ளன.

இவ்வகை அணையைப் பொறியாளர் குறைபாடுடையதாகக் கருதினர். அது கசியும், ஆண்டுதோறும் கலையும், ஆட்களின் உழைப்பை விழுங்கும். இம்மூன்றும் உண்மையே. ஆனால் கற்களுக்கிடையே கசிந்த நீர் வீணாகவில்லை. கீழேயுள்ள அடுத்த வாய்க்காலின் பங்கு அதுவே. ஓடையை உயிருடன் வைத்திருந்ததும் அதுவே. வெள்ளத்தில் அணை கலையும் அதே பருவத்தில்தான் மலையாற்று மீன்கள் முட்டையிட மேலேறுகின்றன. மீனை எண்ணி யாரும் அவ்வாறு கட்டவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. நிலைத்து நிற்கும் அணை கட்ட வலிமையற்ற ஒரு தொழில்நுட்பம், தன் வலுவின்மையாலேயே ஆற்றிற்கு இடம் விட்டது. பழைய முறையைப் போற்றுவோர் இதனை முன்னோரின் சூழலியல் அறிவு எனக் கூறுவதுண்டு. அதற்கு வேண்டிய சான்று இல்லை.

நிலைத்த சுவர்

கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும், அதற்கு நெடுந்தொலைவு கிழக்கே அணைக்கரையில் கீழணையும் ஆர்தர் காட்டனின் முயற்சியால் 1836-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டப்பட்டன. கொள்ளிடத்தின் படுகை காவிரியை விடத் தாழ்ந்திருந்தமையால் நீர் அதனுள் பாய்ந்து, தஞ்சைப் பகுதிக்குரிய காவிரி தூர்ந்து வந்தது. அதைத் தடுக்க மேலணை. மேலணையைத் தாண்டிக் கொள்ளிடத்தில் சென்ற நீரையும் பாசனத்திற்கு மீட்கக் கீழணை. இந்த வெற்றியே காட்டனைக் கோதாவரிக்கு அழைத்துச் சென்றது. தவளேசுவரத்தில் 1847-இல் தொடங்கி 1852-இல் முடிந்த அணைக்கட்டு ஆற்றின் நான்கு கிளைகளையும் தடுத்து நின்றது. விஜயவாடாவில் கிருஷ்ணையின் குறுக்கே 1855-இல் மற்றொன்று நிறைவுற்றது. வடக்கே யமுனையில் ஓக்லா அணை 1874-இலும், கங்கையில் நரோரா அணை 1878-இலும் பயன்பாட்டிற்கு வந்தன. ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலத்தில் இந்தியாவின் பேராறுகள் பலவற்றிலும் குறுக்குச் சுவர் எழுந்துவிட்டது.

இவ்வணைகளின் அமைப்பில் ஒரு கூறு இங்குச் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. சுவர் எழுந்ததும் அதன் முன்புறம் மணல் படிந்து கால்வாயின் தலைமதகை மூடத் தொடங்கும். ஆகவே அணையின் அடிமட்டத்தில், தலைமதகிற்கு அருகில், மணலை வாரிச் செல்லும் மதகுகளை அமைத்தனர். மணற்போக்கி மதகு எனப்படும் இவை வெள்ளக்காலத்தில் திறக்கப்படும். நீர் குறையும் காலத்தில் ஒவ்வொரு துளியையும் கால்வாய்க்குள் செலுத்துதற்காக மூடப்படும். சுவரின் அடியில் ஆறு ஆறாகவே ஓடக்கூடிய இடம் இது ஒன்றுதான். அதனைத் திறப்பதும் மூடுவதும் மணலின் தேவை, பயிரின் தேவை ஆகிய இரண்டையும் கொண்டே முடிவு செய்யப்பட்டன. மூன்றாவதாக ஒரு தேவை உண்டு என்பது கட்டும்போது எவர் நினைவிலும் இல்லை.

உல்லத்தின் வழி

அந்த மூன்றாவது தேவைக்கு உரியது, வங்காளத்தார் இலிஷ் என்றும், தெலுங்கர் புலசா என்றும், சிந்து நாட்டார் பல்லா என்றும் போற்றும் மீன். தமிழில் இதற்கு உல்லம், உலம் எனச் சிற்சில வடிவ வேறுபாடுகளுடன் பெயர் உண்டு. அறிவியலார் இதனைத் 'தெனுவலோசா இலிஷா' என்பர். ஒரே மீனுக்கு இத்தனை கரைகளில் இத்தனை தனிப்பெயர்கள் இருப்பதே, அது அக்கரைகளின் உணவிலும் வாழ்விலும் பெற்றிருந்த இடத்தைக் காட்டும். தாலியை விற்றேனும் புலசா உண்ண வேண்டும் என்னும் பொருளில் கோதாவரிக் கரையில் ஒரு பழமொழி வழங்குகிறது. சிந்துவில் சூலேலால் இம்மீனின்மீது அமர்ந்தவராகவே ஓவியங்களில் காட்டப்படுகிறார்.

உல்லம் கடலில் வளர்ந்து, ஆற்றின் நன்னீரில் முட்டையிடும் மீன். பருவமழையால் ஆறு பெருகிக் கடலுக்குள் செந்நீரைத் தள்ளும்போது, அந்நீரின் போக்கை எதிர்த்துக் கூட்டமாக மேலேறும். அணைகள் இல்லாத காலத்தில் கங்கையில் அலகாபாத்தையும் கடந்து சென்றது. யமுனையில் தில்லி வரை காணப்பட்டதாக 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் சில மாதங்கள் ஆற்றில் வளர்ந்து, வெள்ளம் வடிந்த பருவத்தில் கடலுக்குத் திரும்பும். எனவே இம்மீனுக்கு ஆறு இருமுறை வேண்டும்: ஏறுவதற்கு வெள்ளத்தில் ஒருமுறை, இறங்குவதற்கு வறண்ட பருவத்தில் ஒருமுறை. அணைபற்றிய விவாதங்கள் பெரும்பாலும் முதற்பயணத்தைப் பற்றியே பேசின. இரண்டாவது பயணம் சுவரால் மட்டுமன்றி நீரின்மையாலும் தடைப்படுகிறது. மணற்போக்கி மதகுகள் மூடப்பட்டு, ஆற்றுநீர் முழுவதும் கால்வாய்க்குள் திரும்பும் காலத்தில் கீழே இறங்கும் குஞ்சு, நீர் செல்லும் வழியே தானும் செல்லும். அது சென்றடைவது கடலை அன்று, வயலை.

மற்றொரு செய்தியும் இன்றியமையாதது. உல்லம் தாவும் மீன் அன்று. நீரின் ஆழத்தில் நீந்தும். தடையைக் கண்டால் அதன் அடியில் கூட்டமாகத் தங்கும். நீரைவிட்டு எடுத்த சிறிது நேரத்தில் இறந்துவிடும். அணையின் கீழே அது திரண்டு நின்ற நாள்களில் அங்கே மீன்பிடி பெருகியது. இதனைக் கண்டு, அணை மீன்வளத்தைக் கூட்டியது என்று எண்ணியோரும் இருந்தனர். ஆற்றின் நெடுவழி முழுவதும் பரந்து பிடிபட்டிருக்க வேண்டிய மீன், ஓரிடத்தில் முட்டையிடும் முன்னரே பிடிபட்டது என்பதே அதன் உண்மைப் பொருள்.

கட்டியவரே எழுப்பிய ஐயம்

இவ்வரலாற்றில் வியப்பிற்குரிய செய்தி, அணைகளால் மீனுக்குக் கேடு நேரலாம் என்னும் ஐயத்தை அரசின்முன் வைத்தவர் அவ்வணைகளைக் கட்டிய காட்டனே என்பதாகும். ஓய்வுபெற்று இங்கிலாந்தில் வாழ்ந்த அவர், ஆற்றின் முழு அகலத்தையும் அடைத்து நிற்கும் அணைகள் கடலோர, கழிமுக மீன்வளத்தைக் குறைக்கக்கூடும் என 1867-இல் இந்திய அமைச்சரின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். பாசனத்திற்காக வாழ்நாள் முழுவதும் வாதாடிய ஒருவர், தம் படைப்பின் பக்கவிளைவை முப்பதாண்டுகள் கழித்து மறுபடியும் எண்ணிப் பார்த்திருக்கிறார். காட்டனைத் தெய்வமாகப் போற்றும் கோதாவரி மாவட்டத்து மரபும், அவரைக் குடியேற்ற ஆட்சியின் கருவியாக மட்டும் காணும் ஆய்வு மரபும் இச்செய்தியைப் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை.

இதன் தொடர்ச்சியாக ஆய்வுப் பொறுப்பு பிரான்சிஸ் டே என்பவரிடம் வந்தது. சென்னை மருத்துவப் பணியில் 1852-இல் சேர்ந்த அவர், மலபார் மீன்களைப் பற்றி 1865-இல் நூல் வெளியிட்டிருந்தார். சென்னை மாகாணத்து அணைகளையும் ஒரிசாவின் மகாநதி அணைகளையும் அவர் நேரில் கண்டார். பின்னர் இந்திய மீன்வளத்தின் தலைமைக் கண்காணிப்பாளராகி, இந்தியா, பர்மா ஆகியவற்றின் நன்னீர் மீன்வளம் குறித்த அறிக்கையை 1873-இல் வெளியிட்டார். மாவட்ட அலுவலர்களிடமிருந்து திரட்டிய விடைகளைத் தொகுத்தளித்த அவ்வறிக்கை, இந்திய ஆறுகளின் சமூக வரலாற்றிற்கு இன்றளவும் பெரிதும் பயன்படாது கிடக்கும் மூலங்களுள் ஒன்று. மீன்களின் வட்டாரப் பெயர்கள், வலைகளின் வகை, மீனவர் நிலை ஆகியன அதில் விரவிக் கிடக்கின்றன.

டேயின் முடிவுகளுள் இரண்டு இங்கே கருதத்தக்கன. அணைகளில் மீன் ஏறிச் செல்லத்தக்க வழிகள் வேண்டும் என்பது முதலாவது. கால்வாய்களே மீனுக்குப் பொறியாகின்றன என்பது இரண்டாவது. தலைமதகின் வழியே கால்வாய்க்குள் சென்ற மீன், இடையிலுள்ள வீழ்ச்சிகளைத் தாண்டி மீண்டும் ஆற்றிற்கு ஏற இயலாது. பழுதுபார்ப்பதற்காகக் கால்வாய் அடைக்கப்படும்போது, நீர் வற்றி, வீழ்ச்சிகளின் அடியிலுள்ள குட்டைகளில் ஒதுங்கும்; அங்கே ஒன்றுவிடாமல் அள்ளப்படும். தென்னாட்டில் கால்வாய் நீர் ஏரி குளங்களில் சென்று தேங்குவதால், உடன்சென்ற கெண்டை வகைகளேனும் ஊராரின் உணவாயின. வடநாட்டுக் கால்வாய்களில் அந்த ஈடும் குறைவு. தலைமதகில் தடுப்புவலை அமைத்தல் என்பது சருகும் சேறும் அடைத்துக்கொள்ளும் இந்திய ஆறுகளில் எளிய செயல் அன்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மீன்வழி என்னும் கருத்து எங்கிருந்து வந்தது என்பதை நோக்கினால் அது அடைந்த தோல்வியும் விளங்கும். இங்கிலாந்தில் 1861-ஆம் ஆண்டின் சால்மன் மீன்வளச் சட்டம், புதிதாகக் கட்டப்படும் அணைகளில் மீன்வழி அமைத்தலைக் கட்டாயமாக்கியது. அங்கே வெற்றி கண்ட அமைப்பு, படிபடியாக நீர் வழியும் மீன்ஏணி. சால்மன் வலிமையோடு தாவும். சிறு படிகளை ஒவ்வொன்றாகக் கடக்கும். அவ்வேணியே இந்தியாவிற்கும் வந்தது. பஞ்சாபில் இராவியின் மாதோப்பூர், யமுனையின் தாஜேவாலா ஆகிய தலைமதகு அணைகளில் மலையாற்று மீனாகிய மகசீரைக் கருதி ஏணிகள் அமைந்தன. மகசீர் வேகமான நீரில் ஏறவல்லது ஆதலின் அங்கே அம்முயற்சிக்கு ஓரளவு பொருத்தம் உண்டு. பஞ்சாபின் மீன்ஏணிகளைப் பற்றி ஹமீத் கான் 1940-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதிய கட்டுரை இத்துறையில் குறிப்பிடத்தக்கது. தாவாத உல்லத்திற்கோ அவ்வேணி பயன்படவில்லை. கொள்ளிடத்தின் கீழணையில் அமைந்த மீன்வழியும் அதற்கு உதவவில்லை.

சட்டம் கண்ட குற்றவாளி

டேயின் அறிக்கைக்குப்பின் கால் நூற்றாண்டு கழித்து இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் இயற்றப்பட்டது. நீரில் வெடி வைத்தலையும் நஞ்சு கலத்தலையும் அது குற்றமாக்கியது. மண்ணில் ஊன்றிய பொறிகள், மீன்பிடிக்கும் தடுப்புகள், வலைக்கண்ணின் அளவு ஆகியன குறித்து விதிசெய்ய மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. ஆனால், பாசன அணையில் மீன்வழி விடவேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. இங்கிலாந்தில் 1861-இலேயே அணை கட்டுவோர்மீது சுமத்தப்பட்ட கடமை, முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தும் இந்தியாவில் சுமத்தப்படவில்லை. இங்கே அணைக்கு உரிமையாளர் அரசே. மீன் குறைந்ததற்குப் பொறுப்பாளியாகச் சட்டம் கண்டது, மூங்கில் தட்டி கட்டி மீன்பிடித்த கரையோர மக்களை.

டேயும் இப்பார்வைக்கு ஓரளவு துணைபோனார். சிறுகண் வலைகளையும் தட்டிகளையும் அவர் கடுமையாகச் சாடினார். அச்சாடலில் உண்மை இல்லாமல் இல்லை. வயல்வாயில்களில் குஞ்சு மீன்களை வடித்தெடுத்தல் பெருவழக்காகவே இருந்தது. ஆயினும் அவருடைய பரிந்துரைகளில் அரசுக்குச் செலவு வைக்காத பகுதி சட்டமாயிற்று. செலவும் நீரும் கேட்ட பகுதி ஏட்டளவில் நின்றது.

சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சனின் முயற்சியால் மீன்வளத்திற்கெனத் தனி அமைப்பு 1900-களில் உருவானபின், மீன்வழிக்கு மாற்றாக வேறொன்று முயலப்பட்டது. கீழணையில் பிடிபட்ட உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகக் கருவுறச் செய்து குஞ்சு பொரிக்கும் சோதனையை வில்சன் என்பவர் மேற்கொண்டு, 1909-இல் அறிக்கை அளித்தார். இம்மீனைப் பொறுத்தவரை இத்தகைய முயற்சிகளுள் இது மிகப் பழமையானது. மீன் ஆற்றில் ஏற இயலாவிட்டால் ஏறாமலேயே அதன் இனத்தைப் பெருக்கலாம் என்பது இதன் அடிப்படை. அணையை மாற்றாமல் மீனின் வாழ்வை மாற்றும் இவ்வழி, அடுத்த நூறாண்டுகளில் இந்திய ஆற்றுமீன் கொள்கையின் பெருவழியாயிற்று.

மேட்டூர் தந்த பாடம்

கீழணை எழுந்து ஏறத்தாழ நூறாண்டுகள் அதன் அடியில் உல்லம் வந்துகொண்டுதான் இருந்தது. தாழ்வான அணை மீனை முற்றிலும் அழித்துவிடவில்லை. இதற்குரிய காரணத்தை அணையின் இயக்கத்திலேயே காணலாம். பெருவெள்ளத்தில் தாழ்ந்த அணை நீரில் மூழ்கும், மேலும் கீழும் உள்ள நீர்மட்டம் நெருங்கி வரும், மதகுகளும் திறந்திருக்கும். அந்நாள்களில் சுவர் ஏறத்தாழ இல்லாததற்குச் சமம். மேலும், கீழே கழிமுகம் வரை நன்னீர் பெருகிச் செல்வதால் மீன் ஆற்றை அடையாளம் காணும்.

மேட்டூர் அணை 1934-இல் நிறைவுற்றபின் அந்நிலை மாறியது. 93 ஆயிரம் மில்லியன் கன அடிக்கும் மிகுதியான நீரைத் தேக்கவல்ல அவ்வணை, கீழணைக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. அவ்வளவு உயரத்திற்கு மீன்வழி அமைத்தல் அன்றைய அறிவிற்கு எட்டாதது. ஆனால் உல்லத்தைப் பாதித்தது அச்சுவரின் உயரம் அன்று. அது கொள்ளிடத்திற்கு வரவிடாமல் தேக்கிக்கொண்ட வெள்ளம். சென்னை மீன்வளத்துறையின் இயக்குநராக விளங்கிய சுந்தர ராஜ், மேட்டூரும் அது இந்தியாவிற்குத் தரும் பாடங்களும் என்னும் பொருளில் 1941-இல் வெளியிட்ட கட்டுரை, இந்திய அறிவியல் வரலாற்றில் அணையின் கீழ்நிலை விளைவுகளை ஆராய்ந்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. அடுத்த ஆண்டில் தேவநேசன், கோதாவரி, கிருஷ்ணா, காவிரி அணைகளால் உல்லத்திற்கு நேர்ந்தவற்றைக் குறித்தும், சுந்தர் லால் ஹோரா இந்திய ஆறுகள் முழுமையையும் கருதியும் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதினர். மூவரும் இந்தியர்; மூவரும் அரசுப் பணியினர். விடுதலைக்கு முன்னரே, பெரும் அணைத் திட்டங்கள் தொடங்கும் முன்னரே, வேண்டிய அறிவு தமிழகத்து ஆறு ஒன்றிலிருந்து திரட்டப்பட்டு அச்சில் ஏறியிருந்தது.

மீன்வழியை விடவும் நீரின் அளவும் பருவமுமே முதன்மையானவை என்பது அவ்வறிவின் உட்பொருள். அதை ஏற்றுக்கொள்வது, தேக்கிய நீரில் ஒரு பங்கைப் பயிருக்கும் அன்றி மின்னாக்கத்திற்கும் அன்றி ஆற்றிற்கே விடுதல் ஆகும். அப்படி ஒரு பங்கு கேட்க மீனியலாருக்கு அன்று வலிமை இல்லை. வேறொரு தரப்பினருக்கு இருந்தது.

ஹரித்துவாரத்துத் திறப்பு

கங்கைக் கால்வாயைப் புரோபி கோட்லி 1842-இல் தோண்டத் தொடங்கியபோது, புனித கங்கையைச் சிறைப்படுத்தலாகாது என ஹரித்துவாரத்துப் பூசகர்கள் எதிர்த்தனர். அணையில் நீர் தடையின்றி ஓட ஓர் இடைவெளி விடுவதாகக் கோட்லி ஒப்புக்கொண்டார். 1854-இல் கால்வாய் திறக்கப்பட்டபின்னும், பல பத்தாண்டுகள் வரை பீம்கோடாவில் ஆண்டுதோறும் உருண்டைப் பாறைகளாலும் மரச்சட்டங்களாலும் தற்காலிக அணைகள் கட்டியே நீர் திருப்பப்பட்டது. உலகின் பெரும் கால்வாய்களுள் ஒன்று, தன் தலைவாயிலில் காங்க்ரா உழவர் கையாண்ட முறையையே சார்ந்திருந்தது என்பது எண்ணத்தக்கது.

இதற்கு மாற்றாக நிலைத்த அணையும் கதவுகளும் கட்டும் திட்டம் 1910-களில் வந்தபோது எதிர்ப்பு மூண்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் மதன் மோகன் மாளவியா. 1916 டிசம்பர் 18, 19 நாள்களில் ஹரித்துவாரத்தில் கூடிய மாநாட்டில் ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஜேம்ஸ் மெஸ்டனும், பொறியாளர்களும், சுதேச மன்னர் பலரும், இந்து சமயத் தலைவர்களும் கலந்துகொண்டனர். அணையில் கதவில்லாத திறப்பு ஒன்று நிலையாக விடப்படும் என்றும், ஹர் கீ பௌடிப் படித்துறையைக் கடந்து விநாடிக்கு 1000 கன அடிக்குக் குறையாத நீர் ஓடும் என்றும் உடன்பாடு ஏற்பட்டது. இந்துக்களை முன்னதாகக் கலந்தன்றி இதனை மாற்றுவதில்லை என்னும் உறுதியும் தரப்பட்டது.

இவ்வுடன்பாடு பெரும்பாலும் சமய, தேசிய இயக்க வரலாற்றின் பகுதியாகவே எழுதப்பட்டுள்ளது. பாசன வரலாற்றில் வைத்துப் பார்ப்பின் அதன் பொருள் வேறாகும். நிலைத்த அணையில் நிலைத்த திறப்பு விடலாம். அவ்வாறு விட்டும் பாசனம் நடைபெறும். ஆற்றிற்குரிய நீரை எண்ணால் வரையறுத்து, அதற்கு அரசைக் கட்டுப்படுத்தலாம் என்னும் மூன்று செய்திகளை அது நிறுவியது. அந்நீர் கேட்கப்பட்டது நீராடுவோருக்காகவும் பிதிர்க்கடன் செய்வோருக்காகவும். மீன் அங்கு எவர் வாயிலும் வரவில்லை. ஆயினும் மீனுக்காக வாதாடியோர் நாற்பதாண்டுகளாகப் படிக்கட்டு ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்க, கங்கைக்காக வாதாடியோர் திறப்பையும் நீரையும் கேட்டுப் பெற்றனர். வேறுபாடு கோரிக்கையின் நேர்மையில் இல்லை. மன்னர்களும் வழக்குரைஞர்களும் துணைநின்ற கோரிக்கைக்கும், கரையோர மீனவரை அன்றி வேறு உரியவர் இல்லாத கோரிக்கைக்கும் இடையே அரசு கண்ட வேறுபாடு அது.

நீர்க்கணக்கு

சமயத்தின் மொழியில் 'அவிரல் தாரா' எனப்பட்ட இடையறா ஓட்டம், அறிவியலின் மொழியில் சூழலியல் நீரோட்டம் என்னும் பெயரில் அரசாணையாக நூறாண்டுகள் ஆயின. மைய அரசு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை, ஆறு தோன்றும் பனியாறுகள் முதல் ஹரித்துவாரம் வரை மாதச் சராசரி ஓட்டத்தில் நவம்பர் முதல் மார்ச்சு வரை 20 விழுக்காடும், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25 விழுக்காடும், சூன் முதல் செப்டம்பர் வரை 30 விழுக்காடும் ஆற்றில் விடப்பட வேண்டும் என்றது. அணைகளுக்கும் தனித்தனி அளவு குறிக்கப்பட்டது. பீம்கோடாவில் விநாடிக்கு 36 கன மீட்டர், மழைப்பருவத்தில் 57. பிஜ்னோர், நரோரா, கான்பூர் ஆகியவற்றில் 24, மழைப்பருவத்தில் 48. மாளவியா பெற்ற 1000 கன அடி ஏறத்தாழ 28 கன மீட்டர். இடமும் நோக்கமும் வேறாயினும், இரு எண்களும் ஒன்றுக்கொன்று இவ்வளவு அருகில் இருத்தல் கவனிக்கத்தக்கது. அறிவிக்கை நீரின் அளவைப் பேசியதே அன்றிச் சுவரின் வழியே மீன் செல்வதைப் பேசவில்லை. நரோராவில் 24 கன மீட்டர் கதவின் அடியில் பீறிட்டு வெளியேறினாலும் ஆணை நிறைவேறியதாகவே கணக்காகும். அவ்விரைவை எதிர்த்து மீன் ஏற இயலுமா என்பது கணக்கில் வராது.

கங்கையில் உல்லத்தின் கதை முடிந்த இடம் நரோரா அன்று. அதற்கு நெடுந்தொலைவு கிழக்கே உள்ள பரக்கா. கல்கத்தாத் துறைமுகத்தின் தூரைப் போக்க ஊக்ளிக்கு நீரைத் திருப்பும் நோக்குடன் எழுந்து 1975-இல் இயங்கத் தொடங்கிய அவ்வணை, பாசனத்திற்கு உரியதன்று எனினும் ஆற்றைக் கால்வாய்க்குத் திருப்பும் பழைய முறையின் பெருவடிவமே. மீனைக் கருதி அதில் நீர்ப்பூட்டுகள் அமைக்கப்பட்டன. அவற்றால் உல்லம் மேலேறியதற்கான பயன் காணப்படவில்லை. பீகாரிலும் அலகாபாத்திலும் இம்மீன் அரிதாயிற்று. அண்மை ஆண்டுகளில் பராக்பூரிலுள்ள மைய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார், அணைக்குக் கீழே பிடித்த உல்லங்களை உயிருடன் மேலே கொண்டுசென்று விட்டு வருகின்றனர். நீரைவிட்டு எடுத்தால் விரைவில் இறக்கும் இம்மீனை அவ்வாறு கொண்டுசெல்லுதல் அரிய செயலே. எனினும் கீழணையில் வில்சன் தொடங்கிய வழியின் தொடர்ச்சியாகவே அதனைக் கருத வேண்டும்.

பரக்காவில் கப்பல் செல்வதற்குப் புதிய நீர்ப்பூட்டு கட்டும் பணியை ஒட்டி, 2019-இல் உள்நாட்டு நீர்வழி ஆணையம் வேறொரு வழியை அறிவித்தது. உல்லம் மேலேறும் பருவத்தில், நள்ளிரவுக்குப்பின் ஒரு மணி முதல் ஐந்து மணி வரை, கப்பல்கள் செல்லாத வேளையில், அப்பூட்டின் கதவுகளை ஓரளவு திறந்து வைப்பது என்பது அத்திட்டம். மீனுக்கெனத் தனியே படியோ ஏணியோ அதில் இல்லை. வேறு பயனுக்குரிய கதவு, நாள்தோறும் நான்கு மணி நேரம் ஆற்றிற்காகத் திறக்கப்படும்.